சட்டாம்பிள்ளை முதல் கருத்தாளர் வரை

அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் 'பயிற்சி' என்று சொன்னால் அவர் மனதில் எழுவது வட்டார வள மையத்தின் நீண்ட அறை, முன்னால் ஒரு கருத்தாளர், அவர் மாவட்டப் பயிற்சியில் வாங்கி வந்த கையேடு, பதினோரு மணித் தேநீர், மாலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. கருத்தாளரும் நேற்று வரை வகுப்பில் நின்றவர்தான். அவருக்குச் சொன்னதை அவர் சொல்கிறார். கேட்டவர்கள் தங்கள் பள்ளியில் போய்ச் செய்ய வேண்டும். இது சமீப காலத்துத் திட்டங்கள் கொண்டுவந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையின் கல்வி வரலாற்றைப் புரட்டினால் இதன் வேர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கீழே போகிறது. ஆங்கிலம் கற்பிப்பதற்கு உலகம் எடுத்துக்கொண்ட சில யோசனைகள் இந்த ஊரிலும் இதன் அக்கம்பக்கத்திலும்தான் பிறந்தன. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில குழந்தைகளின் முன்னால், ஒருவரோ சிலரோ மாதக்கணக்கில் தட்டுத்தடுமாறிச் செய்து பார்த்ததில் பிறந்தது. ஒவ்வொரு முறையும் நிர்வாகம் அந்தத் தட்டுத்தடுமாறலை விட்டுவிட்டு, கடைசியில் கிடைத்த சரக்கை மட்டும் மூட்டை கட்டி ஊர் ஊராக அனுப்பியது. ஆங்கில ஆசிரியர் பயிற்சி ஏன் இவ்வளவு செலவுக்குப் பிறகும் வகுப்பறைக்குள் நுழைய மறுக்கிறது என்பதற்கு, ஆசிரியரின் சோம்பலைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்பது என் வாதம்.

முதல் கதை எழும்பூரில். ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-இல் அங்கிருந்த ஆண் அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் பெரும்பாலும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த பையன்கள் அங்கே இருந்தார்கள், படிப்பு ஆங்கிலத்தில். எழுத்து தெரியாத சின்னப் பையன்களை உதவி ஆசிரியர்களால் தேற்ற முடியவில்லை. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்த பெல், அதையே இங்கும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் இழுத்தடித்தார்கள். மணலில் விரல் வைப்பது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ. பெல் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்துகாட்டினான். பிறகு மற்ற வகுப்புகளுக்கும் பையன்களே ஆசிரியர்கள் ஆனார்கள். மணல் யோசனையைத் தான் எங்கே கண்டேன் என்று பெல் ஒளிக்கவில்லை. பையனைக் கொண்டு பையனுக்குச் சொல்லித்தருவதை மட்டும் தன் கண்டுபிடிப்பு என்றார். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை கீழ்வகுப்புப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து ஒப்பிக்க வைப்பது ஊரறிந்த சங்கதி. மணலைப் பார்த்த கண் சட்டாம்பிள்ளையைப் பார்க்கவில்லை என்று நம்புவது சற்றுக் கடினம்.

யோசனை யாருடையதாக இருந்தாலும், எழும்பூரில் அது உயிரோடு இருந்ததற்குக் காரணம் வேறு. பெல் ஆண்டுக்கணக்கில் தினமும் அங்கே இருந்தார். எந்தப் பையன் எத்தனை பாடம் முடித்தான் என்று பதிவு வைத்தார், பலிக்காததை மாற்றினார், பலித்ததை விரித்தார். 1797-இல் லண்டனில் அவர் அறிக்கை அச்சானபோது, அதைப் படித்தவர்களுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது ஒன்றே: ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம், சம்பளச் செலவு மிச்சம். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் தேசியச் சங்கம் அமைத்து 'மதராஸ் முறை'யை ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உட்கார்ந்து, கேள்வியும் பதிலும் ஒருசேர மனப்பாடமாக ஒலிக்கும் பட்டாளப் பயிற்சி ஆயிற்று. (ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் பெல்லின் பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்ற பெயரோடுதான் நடக்கிறது.) சரக்கு கப்பலேறியது, அதைச் செய்த பட்டறை எழும்பூரிலேயே தங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மற்ற பகுதியை விரைவாகக் கடக்கலாம். 1854-இல் சார்லஸ் உட் அனுப்பிய அறிக்கை ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்றது. 1856-இல் சென்னையில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது, பின்னாளில் சைதாப்பேட்டையில் நிலைபெற்றது. ஆசிரியத் தொழிலுக்கு முறையான படிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டதே பெரிய மாற்றம்தான். ஆனால் அதே காலத்தில், ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மானியம் தரும் வழக்கமும் மாகாணத்தில் வேரூன்றியது. பயிற்சிப் பள்ளியில் என்ன கற்றிருந்தாலும், ஆய்வாளர் வரும் நாளில் பையன் தடங்கலில்லாமல் ஒப்பித்தால்தான் பள்ளிக்குப் பணம். ஆசிரியர் எந்தக் குரலுக்குச் செவி கொடுத்திருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டாம்.

அடுத்த யோசனை வங்காளத்திலிருந்து வந்தது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் மைக்கேல் வெஸ்ட், 1926-இல் வெளியான தன் அறிக்கையில் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை முடிக்காமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்கும் பையன் அதுவரை படித்த ஆங்கிலத்தால் என்ன பயன் பெறுகிறான்? பாதியில் கட்டாமல் விட்ட காப்பீட்டுப் பாலிசிக்கு இருக்கும் சரண்டர் மதிப்பைப் போலப் படிப்புக்கும் ஒரு மதிப்பு வேண்டும் என்றார். இரண்டு வருடம் படித்தவன் பேச மாட்டான். ஆனால் எளிய நூலை வாசிக்கப் பழகியிருந்தால் அது கையில் நிற்கும். எனவே வாசிப்பு முதலில். அரிய சொற்களைக் களைந்து, புதுச் சொற்களை அளந்து தூவி அவர் எழுதிய வாசிப்பு நூல்கள் வகுப்பில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. பின்னர் பல நாடுகளில் விற்றது நூல்வரிசை. பாதியில் நிற்பவனுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி அத்தனை தூரம் போகவில்லை. இன்றைக்கும் ஒரு ஆங்கிலப் பாடத்திட்டத்தை எடைபோட அதைவிடக் கூர்மையான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இனி 'மதராஸ் பனிப்பந்து'. பனி விழாத ஊருக்கு இப்படி ஒரு பெயர். விடுதலைக்குப் பிறகு பள்ளிகளில் ஆங்கிலத்துக்கான நேரம் குறைந்தது. இலக்கணமும் மொழிபெயர்ப்புமாக நடந்த பழைய பாடத்துக்கு மாற்று தேவைப்பட்டது. லண்டனில் உருவான அமைப்புமுறை அணுகுமுறை 1950-களில் மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாக, ஒரு சூழலைக் காட்டி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் படியவைக்க வேண்டும். ஆசிரியர் மேசையிலிருந்து கதவை நோக்கி நடந்தபடி "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பார். ஒரு பையன் நடப்பான். வகுப்பு "ஹீ இஸ் வாக்கிங் டு த டோர்" என்று கோரஸாகக் கத்தும். கரும்பலகையில் மூன்று பத்தியாக அட்டவணை: முதல் பத்தியில் ஆள், நடுவில் வினை, கடைசியில் இடம், எதை எதோடு சேர்த்தாலும் பிழையில்லாத வாக்கியம். இதை மாநிலத்தின் ஆரம்ப ஆங்கில ஆசிரியர் அத்தனை பேருக்கும் எப்படிச் சொல்லித்தருவது? பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு தீட்டிய திட்டம், முதலில் சிலருக்கு நன்றாகப் பயிற்சி, அவர்கள் போய் அடுத்த வட்டத்துக்கு, அந்த வட்டம் அதற்கடுத்த வட்டத்துக்கு என்று உருண்டு பெருக்க வேண்டும் என்றது. 1962-இல் 'இங்கிலீஷ் லாங்வேஜ் டீச்சிங்' இதழில் டி.ஏ. ஸ்மித் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே இலக்கைச் சொல்லிவிடுகிறது: 27,000 ஆசிரியர்கள். உலகத்தில் அதற்குமுன் ஆங்கில ஆசிரியர்களுக்காக இந்த அளவில் யார் முயன்றார்கள் என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

உருளும்போது பனிப்பந்து பெருக்கும். பயிற்சி உருளும்போது கரைந்தது. மேல் வட்டத்தில் இருந்தவர், பையன் நடக்கும்போதே வாக்கியம் சொல்லப்பட வேண்டும், நடந்து முடித்த பிறகு சொன்னால் அந்தக் காலம் பொய்யாகிவிடும் என்பதைப் புரிந்துகொண்டிருப்பார். கீழ் வட்டத்துக்கு வந்து சேர்ந்தது அட்டவணை. அட்டவணையைக் கரும்பலகையில் எழுதலாம், நோட்டில் எழுதச் சொல்லலாம், பரீட்சைக்குக் கேட்கலாம். அதற்கு நடக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக் காலம் "திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்" என்று வகுப்புகள் ஒலித்ததன் பின்னணியில் இந்தக் கரைதல் இருக்கிறது. 1960-இல், அதாவது இந்தப் பந்து உருண்டுகொண்டிருந்த நேரத்திலேயே, ஓய்வுபெற்ற மைக்கேல் வெஸ்ட், கடினமான சூழலில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். நெருக்கிய பெஞ்சுகள், நாற்பது ஐம்பது பிள்ளைகள், ஒரே வகுப்பில் பல தரம், தனக்கே ஆங்கிலம் சரளமில்லாத ஆசிரியர், வெயில் என்று அவர் எடுத்துக்கொண்ட வகுப்பு நம் வகுப்புதான். நல்ல சூழலுக்கு எழுதிய முறையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு இங்கே செய்யலாம் என்ற எண்ணத்தையே அவர் ஏற்கவில்லை. இந்தச் சூழலுக்கென்று தனியாக யோசிக்க வேண்டும் என்றார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 27,000 ஆசிரியர்கள் அவரவர் வகுப்பில் ஆற அமரச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அத்தனை வருடத்துப் பிள்ளைகளின் கதி என்ன? ஒரு மாநில அரசு எல்லாப் பள்ளிக்கும் ஒரு குறைந்தபட்சத்தைத் தந்தாக வேண்டும். ஆசிரியரின் ஆங்கிலமே தடுமாறும்போது, பிழையில்லாத அட்டவணை ஒன்று அவர் கையில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நகரத்து விமர்சகர்கள் உணர்வதில்லை. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பனிப்பந்து இல்லாவிட்டால் பல கிராமப் பிள்ளைகள் ஓர் ஆங்கில வாக்கியத்தை வாயால் சொல்லிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். என் குறை வேறு இடத்தில். ஆசிரியரின் ஆங்கிலம் குறைவு என்றால் அவருக்கு ஆங்கிலம் கற்றுத்தர வேண்டும்: வாசிக்க நூல், பேசப் பழகும் நேரம், திருத்த ஒருவர். அதற்கு வருடங்கள் பிடிக்கும். பத்து நாளில் தரக்கூடியது முறை மட்டுமே. எனவே முறையைத் தந்துவிட்டு, மொழியைத் தந்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டோம். இந்தக் கணக்குப் பிழை இன்னும் நேராகவில்லை. இன்றைய ஆங்கிலப் பயிற்சி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். விளையாட்டு, பாட்டு, துணைக்கருவி தயாரித்தல் எல்லாம் இருக்கும், ஆசிரியர் தன் ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ளும் நேரம் எங்கோ ஓரத்தில் இருக்கும்.

1970-களின் நடுப்பகுதிக்குள் இந்த முறையில் ஊறியவர்களுக்கே அலுப்புத் தட்டியது. பயிற்சியில் சொன்ன வாக்கியத்தைப் பிழையில்லாமல் சொல்லும் பிள்ளை, வகுப்புக்கு வெளியே அதே வாக்கியத்தைத் தொலைத்துவிடுகிறது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சில் அதிகாரியாக இருந்த என்.எஸ். பிரபு, 1963-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தாரோடு சேர்ந்து 1979-இல் ஒரு சோதனையில் இறங்கினார். ஐந்து ஆண்டுகள், எட்டு வகுப்புகள், பதினெட்டு ஆசிரியர்கள். பெங்களூரு, சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகள். மொழியின் வடிவத்தில் கவனம் வைக்காமல், பிள்ளையின் மூளையை ஒரு கணக்கில் சிக்கவைத்தால் ஆங்கிலம் தானாகப் படியும் என்பது அவர்கள் கருதுகோள்.

ஒரு வகுப்பை உள்ளே போய்ப் பார்த்தால் இது விளங்கும். கரும்பலகையில் ஒரு ரயில் கால அட்டவணை. எந்த ரயில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, நடுவில் ஒரு ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். பிறகு கேள்வி இறுகுகிறது: மதியம் சென்னையில் வேலை இருப்பவர் எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும், அதைத் தவறவிட்டால் என்ன செய்வார், ஏன்? முழு வகுப்பும் ஆசிரியரோடு சேர்ந்து இதை அவிழ்க்கிறது. பிள்ளை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் போதும். ஆசிரியர் அதை வாக்கியமாக்கித் திருப்பிச் சொல்லிக்கொள்வார். அடுத்து இதேபோல் வேறொரு அட்டவணை தாளில் வரும். இதைத் தனியாகச் செய்ய வேண்டும். திருத்துவது விடையை, இலக்கணத்தை அல்ல. வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் அந்த வேலையின் கடினம் சரியாக அமைந்தது, இல்லாவிட்டால் நாளைய வேலையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட உரைகல். முதலில் எல்லோருமாக ஒன்று, பிறகு தனியாக ஒன்று என்ற இந்த ஒழுங்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஆரம்ப மாதங்களில் பல பாடங்கள் சரிந்து விழுந்ததில் கிடைத்தது அது. ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவரிடம் கேட்டறியும் விளையாட்டையும் சொந்த அபிப்பிராயம் சொல்லச் செய்வதையும்விட, யோசித்து ஒரு முடிவுக்கு வரும் வேலைதான் இந்தப் பிள்ளைகளை இழுக்கிறது என்பதையும் வகுப்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. பார்வையாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள், குறை சொன்னார்கள், கருத்தரங்குகளில் சண்டை நடந்தது. பிரபு 1987-இல் எழுதிய நூலின் வழியே இந்த யோசனை உலகெங்கும் போனது. செயல்வழி மொழிக் கற்பித்தல் பற்றி இன்று எந்த நாட்டில் எழுதினாலும் பெங்களூருவின் பெயர் வராமல் போகாது.

என் வாதத்துக்கு இது தோதான கதை என்று தோன்றலாம். உண்மையில் இதுதான் அதற்கு வரும் மிகக் கடினமான சோதனை. ஆலன் பெரெட்டா என்ற ஆய்வாளர், ஆலன் டேவிஸோடு சேர்ந்து திட்டத்தின் முடிவில் பிள்ளைகளைச் சோதித்தபோது, முடிவுகள் ஓரளவு சாதகமாகவே இருந்தன. பிறகு 1990-இல் அவர் ஆசிரியர்களின் பக்கம் திரும்பினார்: அவர்கள் இந்த முறையை எந்த அளவுக்குத் தமதாக்கிக்கொண்டார்கள்? அந்தந்தப் பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களில் பெரும்பாலோர் அடித்தட்டிலேயே நின்றுவிட்டதாக அவர் கண்டார். மேலே ஏறியவர்கள் பெரும்பாலும் பயிற்சி நிறுவனத்துக்காரர்களும் ஆங்கிலத்தில் வலுவானவர்களும். வகுப்பறையிலேயே பிறந்த யோசனைகூடப் பக்கத்து வகுப்பறைக்கு நடந்து போகவில்லை என்றால், வகுப்பறையில் பிறப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். நான் இதை இப்படிப் படிக்கிறேன். பிரபுவும் அவர் சகாக்களும் அந்த வேலையை உருவாக்கியவர்கள். எந்தப் பாடம் ஏன் விழுந்தது என்ற நினைவு அவர்களிடம் இருந்தது. இடையில் சேர்ந்த பள்ளி ஆசிரியருக்கு அது மறுபடியும் ஒரு சரக்காகவே வந்து சேர்ந்தது. நல்ல சரக்குதான், ஆனால் கேள்வி மாறிப் பிள்ளை எதிர்பாராத பதில் சொல்லும்போது அடுத்த வாக்கியம் எங்கிருந்து வர வேண்டும் என்பது தாளில் இல்லை. எட்டே வகுப்புகள் கொண்ட திட்டத்திலேயே இந்த இடைவெளி விழுந்தது என்பது, 27,000 பேர் கொண்ட திட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்பதற்குச் சாட்சி.

பிரபுவும் ஏறக்குறைய இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். பெரெட்டாவின் ஆய்வு வந்த அதே 1990-இல், எல்லாருக்கும் உகந்த சிறந்த முறை என்று ஒன்று கிடையாது, ஏன் என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். தன் கற்பித்தலால் கற்றல் எப்படி நிகழ்கிறது என்பதைப் பற்றி ஓர் ஆசிரியருக்கு மனதில் ஓர் உணர்வு இருக்கிறது. அது உயிரோடிருந்தால் எந்த முறையும் பலிக்கும், அது மரத்துப்போனால் எந்த முறையும் சடங்காகும் என்பது அதன் சாரம். தன் பெயரால் உலகம் அறிந்த ஒரு முறையை உருவாக்கியவர் இப்படி எழுதியதற்குத் துணிச்சல் வேண்டும். இதைச் சிலர் 'அவரவர் இஷ்டம்' என்று சுருக்கி, முப்பது வருடமாக ஒரே கைடை வைத்து நடத்துபவருக்கும் ஒரு தத்துவம் கிடைத்துவிட்டது என்று கிண்டல் செய்யலாம். கிண்டலில் உண்மை உண்டு. தனியாக விடப்பட்ட அனுபவம் பெரும்பாலும் பழக்கமாகத்தான் இறுகும். ஆனால் அந்தக் கட்டுரை கேட்டது தனிமையை அல்ல. ஒருவரின் உணர்வு இன்னொருவருடைய உணர்வோடு மோதி மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்றது. பெங்களூருத் திட்டத்தில் நடந்த நல்ல காரியமே அந்த மோதல்தான்.

சமீபத்திய உதாரணம் ஒன்று போதும். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்து, திரும்பி வந்து கற்றல் அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து உருவாக்கினார்கள். ஆங்கில அட்டையும் அதில் உண்டு. சில வருடங்களில் அந்த அட்டைகள் அச்சாகி மாநிலம் முழுக்கப் போயின. அவற்றை உருவாக்கிய மாதங்கள் போகவில்லை. எழும்பூர் மணலிலிருந்து இந்த அட்டை வரை ஒரே வழித்தடம். அளவு பெரிதானால் இப்படித்தான் ஆகும், வேறு வழியில்லை என்பார்கள் அதிகாரிகள். வழி இருக்கிறது, அது இப்போதுள்ள ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் எப்படியும் வருகிறார்கள். அங்கே கருத்தாளரின் கையேட்டுக்குப் பதிலாக, போன மாதம் விழுந்துபோன ஒரு பாடத்தையும் அதற்குப் பிள்ளைகள் எழுதிய நோட்டுகளையும் ஒருவர் மேசைமேல் வைக்கலாம். ஒரே வகுப்பை நடத்தும் இரண்டு பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்கள் மாதத்துக்கு ஒரு பாடவேளை ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காரலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு பதிலி வகுப்பும் பேருந்துக் கட்டணமும். தடையாக இருப்பது பணம் அல்ல, பதிவேடு. எத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம் என்று மேலே அனுப்பும் படிவத்தில், விழுந்துபோன பாடத்தை எழுத ஒரு கட்டம் இல்லை.